மாற்றுச் சாவி

பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள். ஒன்று இடுப்பில், மற்றது பீரோவில். கம்ப்யூட்டர் பூட்டுக்கும் இது பொருந்தும் என்பதை நண்பர் ஒருவரின் அனுபவத்தில் பார்த்தேன்.

மறைந்த மனைவியின் கடிதங்களை அவர் ஸ்கேன் செய்து, ஜிபிஜி என்ற இலவச மென்பொருளால் பூட்டி வைத்திருந்தார். காகிதங்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் போய்விட்டன. மிஞ்சியது அந்தப் பூட்டிய கோப்புகள்தான்.

சாவி ஒரு ஸ்மார்ட் கார்டில் இருந்தது. பார்க்க ஏடிஎம் அட்டை மாதிரி. அதன் சில்லுக்குள் போன ரகசியச் சாவியைத் திரும்ப வெளியே எடுக்க வழியே கிடையாது. அதுதான் அதன் பாதுகாப்பு. போன மாதம் பஸ் நெரிசலில் பர்ஸோடு அந்த அட்டையும் திருடு போயிற்று.

"கடிதம் அவ்வளவுதானா சார்?" என்றார். குரல் கம்மிவிட்டது.

திருடனால் திறக்க முடியாது. தொடக்கத்தில் இருந்த 123456 என்ற பின் எண்ணை நண்பர் அன்றே மாற்றிவிட்டார். மூன்று முறை தவறினால் அந்தப் பின் முடங்கிவிடும். ஆனால் நாம் திறப்பது எப்படி?

அட்டையில் சாவி உருவாக்கும்போதே, 'மறையாக்கச் சாவிக்கு வெளியே ஒரு நகல் வேண்டுமா?' என்று ஜிபிஜி கேட்கும். 'ஆம்' என்றால் கடவுச்சொல் போட்டு ஒரு கோப்பு தரும். அவர் அதைப் பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்திருந்தார்.

புது அட்டை வாங்கினோம். சாவியைத் திருத்தும் பகுதியில் 'பிகேயுபிடுகார்டு' என்ற கட்டளையும் கோப்பின் பெயரும் கொடுத்தோம். கடவுச்சொல் கேட்டது. முதல் தடவை ஒத்துக்கொள்ளவில்லை. கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் தடவை ஏற்றது. முதல் கடிதம் திரையில் வந்ததும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காபி கேட்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஒன்று கவனியுங்கள். அந்த நகலில் மறையாக்கச் சாவி மட்டுமே இருக்கும். கையொப்பச் சாவி இராது. அது அட்டையோடு போனது போனதுதான். அதனால் ஜிபிஜி முன்பே எழுதி வைத்திருந்த ரத்துச் சான்றிதழால் பழைய சாவியை ரத்து செய்து, இனிமேலைக்குப் புதுச் சாவி உருவாக்கினோம். ரத்தான பிறகும் பழைய கோப்புகள் திறக்கும்.

இப்போது இன்னொரு பென் டிரைவ் திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறது. கடவுச்சொல் எழுதிய காகிதம் அதோடு இல்லை, வேறு இடத்தில். நீங்களும் ஏதாவது பூட்டி வைத்திருந்தால், வருஷத்துக்கு ஒரு முறை நகலை எடுத்துத் திறந்து பாருங்கள்.