கடைசியாகத் தொட்டவன் மேல் பழி

வேர்ட்பிரஸ் தளங்களைப் பராமரித்துக் கொடுப்பவர்களுக்கு இந்த அழைப்பு பழகிப்போயிருக்கும். "தம்பி, அந்த ப்ளகினை அப்டேட் பண்ணச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நேத்துதான் பண்ணினேன். அதுலேர்ந்து பக்கம் திறக்கவே மாட்டேங்குது. பழையதையே போட்டுடலாமா?" எனக்குத் தெரிந்த ஒரு சிற்றிதழ் ஆசிரியரும் அப்படித்தான் கேட்டார்.

போடலாம்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்துப் புதிய பதிப்பு வந்துவிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் கூடவே அம்பலமாகிவிடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். அதன் பிறகு பழையதிலேயே இருப்பது, திருடனுக்கு வழி சொல்லிவிட்டுத் தூங்கப் போவதுதான்.

அவர் புதுப்பித்தது 'அதிகம் படிக்கப்பட்டவை' பட்டியல் காட்டும் ப்ளகின். சர்வரின் ஆக்சஸ் லாகைத் திறந்தால் வரிக்கு வரி அட்மின்-அஜாக்ஸ் என்ற கோப்புக்கான அழைப்புகள். விஷயம் இதுதான்: கேஷ் இருக்கும் தளத்தில் வாசகருக்குப் போவது முன்பே தயாரித்து வைத்த பக்கம், அதற்கு டேட்டாபேஸ் பக்கமே போக வேண்டியதில்லை. புதிய பதிப்போ, ஒவ்வொரு வாசகரையும் எண்ணுவதற்காகத் தனியே ஓர் அழைப்பு அனுப்புகிறது. அது கேஷைத் தாண்டிப் போய், வேர்ட்பிரஸ் முழுவதையும் எல்லா ப்ளகின்களோடும் எழுப்பிவிடுகிறது. ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்ட இத்தனை ஆர்ப்பாட்டம்! அமைப்புகளில் அந்த எண்ணிக்கையை நிறுத்தியதும் பாதிச் சுமை இறங்கியது.

மீதிப் பாதிக்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வோர் அழைப்பும் ஏன் இவ்வளவு கனமாக இருந்தது? வேர்ட்பிரஸ் தன் அமைப்புகளை ஆப்ஷன்ஸ் என்ற அட்டவணையில் வைத்திருக்கிறது. அதில் 'ஆட்டோலோட்' குறி உள்ளவை அனைத்தும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் ஏறும். ப்ளகினை நீக்கினாலும் பல ப்ளகின்கள் இங்கே போட்டதை எடுத்துச் செல்வதில்லை. எப்போதோ தீபாவளி மலருக்காகப் போட்ட ஸ்லைடர், கைவிட்ட கருத்துக்கணிப்பு, மாற்றிவிட்ட தீமின் அமைப்புகள் என்று எல்லாமே அங்கே இருந்தன. 2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து, இந்தச் சுமை 800 கேபியைத் தாண்டினால் 'சைட் ஹெல்த்' பக்கமே எச்சரிக்கும். அந்தப் பக்கத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்?

போதாக்குறைக்கு, சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பு. அதற்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பேக்கப் எடுத்துவிட்டு, பிரதித் தளம் ஒன்றில் சோதித்துப் பார்த்து, அந்தப் பழைய மிச்சங்களை நீக்கி, பிஎச்பியையும் மாற்றினோம். தளம் சரியானது. ஆசிரியர் மட்டும் இன்னமும் அந்த அப்டேட்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்டேட் பொத்தானை அழுத்தப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேக்கப் எடுங்கள். கூடவே, முகப்பும் உள்பக்கம் ஒன்றும் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் "முன்னாடி வேகமாத்தான் இருந்துச்சு" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதாக இல்லை.