திட்டு வாங்கினவன் பிள்ளை!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு மாதமாக நினைத்த நேரம் நீலத்திரை காட்டி நின்றுவிடும். "ராத்திரி பகலா கேம்ஸ் ஆடினா எப்படி உருப்படும்?" என்று பிள்ளையைத்தான் திட்டினேன். கடைக்காரர் இரண்டு முறை விண்டோஸ் போட்டுத் தந்தார். காசு போனதுதான் மிச்சம்.

கடைசியில் பிள்ளையே பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டான். விடிந்து பார்த்தால் சிவப்பு வரிகள்! ரேமில் எழுதிவைத்ததைத் திருப்பிக் கேட்டால் வேறு சொல்கிறதாம். (என் ஞாபகம் மாதிரிதான்!) ஒரே ஒரு பிழை வந்தாலும் கோளாறுதானாம்.

உள்ளே இரண்டு ரேம். கரண்டை நிறுத்தி, ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தான். ஒன்று சுத்தம். மற்றதை எந்த இடத்தில் மாட்டினாலும் சிவப்பு. அதைக் கழற்றி நாற்பது நாளாச்சு, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"ஸாரி சொல்ல மாட்டியாம்மா?" என்கிறான். கேசரி கிளறிக் கொடுத்தேன். புரிந்துகொள்ளட்டும்!