காரை களிமேட்டிலிருந்து நரிமணம் வரை: வயலுக்கு அடியில் எண்ணெய் வந்த வழி

‘பக்கத்து ஊரில் எண்ணெய்க் கிணறு ஓடுகிறது, எங்கள் ஊரில் தோண்டிப் பார்த்து மூடிவிட்டார்கள். இது ஏன்? எண்ணெய் எடுத்தால் எங்கள் போர் தண்ணீர் கெட்டுவிடுமா?’ காவிரி டெல்டாவில் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. விடை தேட, டெல்டாவுக்கு மேற்கே, பெரம்பலூர் பக்கமிருந்து கிளம்ப வேண்டும்.

திருச்சி - பெரம்பலூர் சாலைக்குக் கிழக்கே காரை கிராமம். மழைநீர் அரித்த களிமேடுகள் அங்கே வரிவரியாக நிற்கின்றன. புல்லும் சரியாக முளைக்காத பூமி. குனிந்து பார்த்தால் கடல் உயிரினங்களின் கல்லான ஓடுகளும், வெள்ளைக் கீற்றாக ஜிப்சமும் கண்ணில் படும். நிலக்கடலைக்கு 45-ம் நாள் போட்டு மண் அணைக்கிறோமே, அதே ஜிப்சம்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடலடிச் சேறு. சற்றுத் தள்ளி, சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லான மரம் ஒன்று கிடக்கிறது. கரையிலிருந்த மரம் அடித்துவரப்பட்டு, அன்றைய கடலில் புதைந்தது.

இங்கே வெயிலில் காயும் அதே காலத்துச் சேறு, கிழக்கே போகப்போகத் தரைக்குள் இறங்கி, டெல்டாவில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் கிடக்கிறது. எண்ணெயின் பிறப்பிடம் அதுதான். தண்ணீர் நிற்கும் நடவு வயலில் கால் வைத்தால் குமிழ் கிளம்புமே, காற்றுப் புகாத சேற்றில் மக்கிய பொருள் விடும் வாயு அது. கடலடியிலும் நுண்ணுயிர்களும் செடிகொடிகளும் முழுதாக மக்காமல் சேற்றோடு புதைந்தன. மேலே மேலே வண்டல் படிய, சேறு கீழே இறங்கியது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி கூடும். 60 முதல் 120 டிகிரி வரையிலான சூட்டில் பல லட்சம் ஆண்டுகள் வெந்து, அந்த மக்கு எண்ணெயானது. அதற்கும் மேல் சூடேறிய இடத்தில் எரிவாயுவானது.

பிறந்த இடத்தில் எண்ணெய் தங்கவில்லை. செக்கில் எள் நசுங்குவதுபோல மேல்பாரம் அழுத்த, களிப்பாறையிலிருந்து கசிந்து பக்கத்து மணற்பாறைக்குள் போனது. அங்கே மணல் இடுக்குகளில் உப்புநீர் இருந்தது. தண்ணீரைவிட எண்ணெய் லேசானது. சரிவு கண்ட பக்கம் மேலே ஏறியது.

டெல்டாவின் அடித்தளம் பார் பிடித்த வயல் போன்றது. கண்டங்கள் பிரிந்தபோது பூமி பிளந்து, சில பகுதிகள் சாலாக இறங்கின. கும்பகோணம், காரைக்கால் பக்கங்களில் பாராக நின்றன. ஆழமான சாலில் வெந்த எண்ணெய் பாரை நோக்கி ஏறியது. வழியில் மேலே களிப்பாறை மூடியிருந்தால் அதற்கடியில் தேங்கியது. மூடி இல்லாத இடத்தில் மேலேறிப் போய்விட்டது. நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் எல்லாம் இப்படித் தேங்கிய இடங்கள். கீழே ஏரியோ ஆறோ இல்லை. ஆற்று மணலில் ஊற்றுநீர் நிற்பதுபோல மணற்பாறை இடுக்கில்தான் எண்ணெய் நிற்கிறது. மணற்பாறை, மூடி, மேடு மூன்றும் சேராத ஊரில் தோண்டினால் உப்புநீர்தான் வரும். முதல் கேள்விக்கு விடை இதுதான்.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பாசனத் தண்ணீர் மேலடுக்கில். எண்ணெய் அதற்கு வெகு ஆழத்தில். இடையிலுள்ள களிப்பாறை கோடி ஆண்டுகளாக இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அதைத் துளைத்துப் போகும் கிணற்றின் இரும்புக் குழாயும் சுற்றிலும் உள்ள சிமென்ட்டும் கெட்டால்தான் வழி திறக்கும். தரைமேல் ஓடும் குழாய் உடைந்தாலும் ஆபத்து. 2017-ல் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய் கசிந்தது நினைவிருக்கும். எண்ணெயோடு வரும் உப்புநீர் பாய்ந்தால் மண் உவராகும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளை வேளாண் மண்டலமாக்கிய 2020-ம் ஆண்டுச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடுபவை தொடர்கின்றன. அவற்றுக்கு அருகில் நிலம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில், போர் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதித்து அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும். தண்ணீரின் உப்பு அளவு திடீரென ஏறினால், பழைய அட்டைதான் சாட்சி. கசிவு கண்டால் உடனே மடையை அடைத்து, வரப்பை உயர்த்தி, அடுத்த வயலுக்குப் போகாமல் நிறுத்திவிட்டுப் புகார் கொடுக்க வேண்டும்.

எண்ணெய் சேரக் கோடி ஆண்டுகள் ஆயிற்று. அதற்கு மேலிருக்கும் நல்ல தண்ணீர் கெட ஒரு பருவம் போதும்.