எது முதலில் வருகிறதோ அது

எங்கள் ஸ்கூட்டரின் வொரண்டி புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: இரண்டு வருடம் அல்லது 24,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. இந்த வரியை எழுதினவர் பொல்பிட்டிய பக்கம் வந்திருக்க மாட்டார். இங்கே எந்தப் பக்கம் போனாலும் ஒன்று ஏற்றம், இல்லாட்டி இறக்கம். கினிகத்தேனைக்கு ஏறுகிற ஒரு கிலோமீட்டரும் கொழும்பு காலி வீதியில் ஓடுகிற ஒரு கிலோமீட்டரும் மீட்டரில் ஒரே இலக்கம்தான். வண்டிக்குள்ளே அது ஒன்றில்லை.

நாங்கள் அக்கா தங்கச்சி ரெண்டு பேர். பெரியவள் முன்பள்ளி டீச்சர். சின்னவள் பேராதனையில் கலைப்பீடம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த அஞ்சு வருஷமும் பழைய வண்டிகள் கார் விலைக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். 2025 ஏப்ரலில் லீசிங் போட்டு ஒரு புது ஸ்கூட்டர் எடுத்தோம். எங்கள் லயத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை பேரில் வந்த முதல் வண்டி அது. பேரில் என்றாலும், பதிவுப் புத்தகத்தில் நாங்கள் வெறும் பதிவு உரிமையாளர்தான். முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. மாதத் தவணை 16,800 ரூபா. அன்றைக்கு அடிப்படை நாட்சம்பளம் 1350. அதாவது அம்மாவின் பன்னிரண்டு நாள் மலை, தவணைக்குப் போதாது.

செப்டெம்பரில், 3,800 கிலோமீட்டரில், ஏற்றத்தில் வண்டி நடுங்கத் தொடங்கியது. அக்சிலரேட்டரைத் திருகினால் சத்தம் கூடுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. ஃப்ரீ சேர்விஸ் எல்லாம் உரிய திகதியில், அவர்கள் சொன்ன இடத்திலேயே செய்திருந்தோம். அதனால் நேரே டீலரிடம் கொண்டுபோனோம்.

"நங்கி, யாரு ஓட்டுறது?"

"நாங்கதான்."

"அதான். லேடீஸ் ஓட்டினா கிளட்ச் இப்பிடித்தான் போகும். கிளட்சுக்கு வொரண்டி இல்ல."

வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்சைப் பிடிக்கிறதும் விடுகிறதும் ஓட்டுகிறவர் கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஸ்கூட்டரில் முன்னுக்கு ஒரு புல்லி, பின்னுக்கு ஒரு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். முன் புல்லியில் இருக்கிற வேரியேட்டர்தான் வேகத்துக்கு ஏற்ற மாதிரி பெல்ட்டை ஏற்றி இறக்கி கியர் வேலையைச் செய்கிறது. ரெண்டு பேரை வைத்துக்கொண்டு நீளமான ஏற்றம் ஏறினால் பெல்ட்டும் கிளட்சும் சூடாகும். இறக்கத்தில் வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடித்து நிறுத்தாது, பாரம் எல்லாம் பிரேக்குக்குத்தான். "மலைக்கு இந்த வண்டி கூடாதுன்னு இல்ல புள்ள. ஆனா 3,800ல வேரியேட்டர் இப்பிடித் தேஞ்சிருந்தா அது ஓட்டினவங்க பிழையில்ல, சாமான் பிழை."

இங்கேதான் வொரண்டியின் சூட்சுமம் இருக்கிறது. தேய்கிற சாமான்களுக்கு, அதாவது பெல்ட், கிளட்ச், பிரேக் ஷூவுக்கு, உத்தரவாதம் இல்லை. மலையில் முதலில் போகிறது அந்தச் சாமான்கள்தான். சமதரைக்காரருக்குக் கிடைக்கிற அதே புத்தகம் எங்களுக்கும் கிடைக்கிறது. பாதுகாப்பு மட்டும் அதே அளவில் கிடைப்பதில்லை.

திரும்பப் போய் வேரியேட்டரைப் பார்க்கச் சொன்னோம். பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். "சாமான் கொழும்புல இல்ல, இந்தியாவில இருந்து வரணும். ரெண்டு கிழம." செப்டெம்பர் 8ஆம் திகதி வண்டியைக் கையளித்தோம். நவம்பர் 10ஆம் திகதி திரும்பக் கிடைத்தது. 63 நாள். இதற்கிடையில் ரெண்டு தவணை, 33,600 ரூபா, ஓடாத வண்டிக்குக் கட்டினோம். லீசிங் கம்பனிக்கு வண்டி ரோட்டில் நின்றாலும் ஒன்று, கராஜில் நின்றாலும் ஒன்று.

காசைவிடப் பெரிய நட்டம் வேறு. காலை பஸ்ஸை விட்டால் முன்பள்ளிக்கு நடைதான். மழைக் காலத்தில் அட்டைக் கடியோடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். லயத்தில் பேச்சு தொடங்கிவிட்டது: "அப்பவே சொன்னோம், பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" பக்கத்து வீட்டுத் தங்கச்சி லைசன்ஸ் எடுக்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அதை நிறுத்திவைத்தார். கொழும்பில் ஒரு ஸ்கூட்டர் பழுதானால் ஒரு ஸ்கூட்டர் பழுதாகிறது. இங்கே ஒரு வாதமே பழுதாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் 13ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து, அல்லது சேவை வழங்கி, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வொரண்டி இரண்டு வருடம், முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்! எங்கள் வண்டி நடுங்கியது ஐந்தாம் மாதம். நாங்கள் பிடித்துக்கொண்டது சேவை என்ற சொல்லை. பழுதுபார்ப்பும் சேவைதானே? அப்படியென்றால் வண்டியைக் கொடுத்த திகதி எழுத்தில் இருக்க வேண்டும்.

அது எங்களிடம் இருந்தது. காரணம் அம்மா. வீட்டில் இருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "துண்டு வாங்காம வராதீங்க." ஜொப் காட் எல்லாம் தேவையில்லை என்று டீலர் சொன்னபோதும் நின்று வாங்கினோம். வாழ்க்கை முழுக்கக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தவருக்கு, எழுதாத கிலோ கணக்கில் வராது என்பது யாரும் படித்துக் கொடுக்கத் தேவையில்லாத பாடம்.

இன்னொரு பக்கம் மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது. எங்கள் வொரண்டி புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை. ஆங்கிலத்தில் நிபந்தனைகள், சிங்களத்தில் சேர்விஸ் கூப்பன். பல்கலைக்கழகம் போகிற ஒருத்தி வீட்டில் இருந்தபடியால் வாசித்தோம். இல்லாத வீட்டில்?

ஆறாம் கிழமை ஒரு கடிதம் எழுதினோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். கையளித்த திகதி, ஜொப் காட் இலக்கம், சொன்ன தவணை, கடந்த நாட்கள். தாமதத்துக்குக் காரணம் என்ன, எழுத்தில் தாருங்கள் என்று ஒரே ஒரு கேள்வி. டீலருக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. அடியில், 1977 என்ற நுகர்வோர் முறைப்பாட்டு இலக்கம் எங்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தோம். மூன்று கிழமையில் சாமான் வந்தது. கூலி கேட்டார்கள். கடிதத்தின் பிரதியைக் காட்டினோம், விட்டுவிட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. இந்தியாவில் ஓலா மின்சார ஸ்கூட்டர் பற்றி 2023 செப்டெம்பர் முதல் ஒரு வருடத்தில் தேசிய நுகர்வோர் உதவி இலக்கத்துக்கு 10,644 முறைப்பாடுகள் போயின. 2024 ஒக்டோபரில் அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99 வீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்று கம்பனி பதில் சொன்னது. அந்தப் பதில் சரியா பிழையா என்பதைவிட எங்களுக்கு முக்கியமாகப் பட்டது, பதில் சொல்ல வேண்டி வந்தது என்பதுதான். ஆயிரக்கணக்கானவர்களின் முறைப்பாடு ஓரிடத்தில் எண்ணப்பட்டதால் அது நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த பழுதுபார்க்கும் உரிமை விதிகளில், உத்தரவாதக் காலத்தில் ஒரு பொருளைத் திருத்திக்கொண்டால் உத்தரவாதம் இன்னும் ஒரு வருடம் நீளும். எங்கள் 63 நாளை யாரும் எங்கள் இரண்டு வருடத்தோடு கூட்டித் தரவில்லை.

பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் இருந்து ஓடுகிறது. இடையில் இயந்திரங்களைப் புதுப்பித்தார்கள், இன்னும் ஓடுகிறது. அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு இந்த மலைக்குள் சாமான் வந்து சேர முடியுமென்றால் ஒரு வேரியேட்டருக்கு 63 நாள் தேவையில்லை. தூரம் ஒரு சாட்டு. கேட்கிறவர் யார் என்பதுதான் கணக்கு.

அதனால் மலையில் வண்டி வைத்திருக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் சொல்கிறோம்: ஒவ்வொரு முறையும் ஜொப் காட் கேளுங்கள், திகதி போட்டிருக்கிறதா பாருங்கள். முடியாது என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டே இருங்கள். "லேடீஸ் ஓட்டினா" என்று யாராவது தொடங்கினால், முதலில் வண்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தங்கச்சி போன கிழமை எங்கள் வண்டியில் எட்டுப் போட்டுப் பழகினாள். அவளுடைய அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. ஜொப் காட்டை அவரிடம்தான் காட்டப் போகிறோம்.