எருமையின் வாலைப் பிடித்து வந்தவர்கள்

ஊட்டி தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பவர்களில் பலர், அதன் மேல்புறச் சரிவில் ஒரு தோடர் மந்து இருப்பதைக் கவனிப்பதில்லை. 'மந்து' என்றால் தோடர்களின் குடியிருப்பு. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, சதுப்பில் விளையும் புல்லை வேய்ந்த, பாதிப் பீப்பாய் போன்ற வீடுதான் இவர்களின் பாரம்பர்ய வீடு. வாசல் மிகச் சிறியது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும்.

நீலகிரியின் மூத்த குடிகளில் ஒன்றான தோடர்களின் எண்ணிக்கை சுமார் 2,000 மட்டுமே. திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழி இவர்களுக்கு உண்டு, எழுத்து கிடையாது. 'தெய்வம் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வெளியே கொண்டுவந்தது. கடைசி எருமையின் வாலைப் பிடித்தபடி முதல் தோடர் வந்தார்' என்பது இவர்களின் தோற்றக்கதை. முதலில் எருமை, பிறகுதான் மனிதன்.

வாழ்க்கையும் அப்படித்தான். எருமை வளர்த்தாலும் இறைச்சிக்காக வளர்ப்பதில்லை. பால் கறந்து, கடைந்து, நெய் எடுக்கும் பால்மனையே கோயில்; பால்காரரே பூசாரி. நெய்யைக் கொடுத்துப் படுகரிடம் தானியமும், கோத்தரிடம் மண்பாண்டமும் இரும்புக் கருவிகளும் வாங்கினார்கள். பிறை போல வளைந்த கொம்புள்ள தோடா எருமை, குறைவாகத்தான் கறக்கும். ஆனால், பாலில் கொழுப்பு சுமார் 8 சதவிகிதம்.

1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன், தோடர்களிடம் நிலம் வாங்கி ஊட்டியில் கல் வீடு கட்டினார். அதன்பின் உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்தன. 'சும்மா கிடக்கும் நிலம்' என்று கணக்கெழுதி, புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் நட்டார்கள். மேய்ச்சல் சுருங்கியது, எருமைகள் குறைந்தன. சதுப்புகள் வற்ற, கூரை வேயும் புல்லும் அரிதானது.

இந்த நஷ்டம் தோடர்களோடு நிற்கவில்லை. மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுபவை சோலைகளும் புல்வெளிகளும்தான். மாயாறும் பவானியும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. சத்தியமங்கலம், கோபி வயல்களுக்குப் பாயும் தண்ணீரில், தோடர்களின் எருமைகள் மேய்ந்த மலையின் பங்கும் இருக்கிறது. இப்போது சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையை வனத்துறை செய்துவருகிறது.

தோடர் பெண்களின் சிவப்பு, கறுப்பு எம்பிராய்டரிக்கு 2013-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பூவேலை செய்த 'பூத்துக்குளி' சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலைகுந்தா அருகிலுள்ள முத்தநாடு மந்தின் கூம்புக் கோயிலில் ஆண்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். எருமைகள் பெருக வேண்டும் என்பதும் அங்கு வைக்கும் வேண்டுதல்.

மந்துக்குப் போகிறவர்கள் அனுமதி கேட்டுப் போவது நல்லது. பால்மனைக் கோயிலை நெருங்கக் கூடாது. எதிரே மேயும் எருமைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த மலையில் அதுதான் மூத்தது.