மூத்தாப்பாவின் சமண்டலைப் பலகை

சென்ற டிசம்பர் விடுமுறையில் இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு ஒரு பழைய கார் வந்தது. திருகோணமலை நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய மொரிஸ் மைனர் ட்ரவலர். முன்பாதி இரும்பு, பின்பாதியில் வெளியே தெரியும் மரச்சட்டம். "இது காரா, கூட்டு வண்டியா?" என்று தம்பி கேட்டான்.

மூத்தாப்பா ஓடாவி. நாற்பது வருடம் தோணி கட்டியவர். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் பைபர் படகுகள் வந்ததும் அவருடைய உளியும் வாளும் பெட்டிக்குள் போயின. கடைசித் தோணிக்கென்று வாங்கிய இரண்டு சமண்டலைப் பலகைகளை மட்டும் யார் கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

மரக்கார்களைப் பற்றிப் பிறகு தேடி வாசித்தேன். அமெரிக்காவில் போர்ட் கம்பனி 1929 இலேயே மரவுடல் கார்களைப் பெருமளவில் செய்தது. அடிக்கடி வார்னிஷ் பூச வேண்டிய மரத்தின் இடத்தைப் பின்னர் இரும்புத் தகடு பிடித்துக்கொண்டது. இன்று சேகரிப்பாளர்கள் அந்தக் கார்களைத் தேடியெடுத்துப் புதுப்பிக்கிறார்கள். இங்கிலாந்தில் 1953 முதல் 1971 வரை செய்யப்பட்ட ட்ரவலரில் மரம் வெறும் அழகுக்கல்ல. ஆஷ் மரச்சட்டம்தான் பின்பகுதியையே தாங்குகிறது.

இந்தக் காரின் பின்கதவுத் தூண் உக்கிப்போயிருந்தது. ஆஷ் மரத்துக்கு எங்கே போவது? மூத்தாப்பா தன் பலகைகளை இறக்கினார். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சமண்டலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'. வளைந்து கொடுக்கும், இலேசில் முறியாது.

அவருடைய கண்களில் வெண்படலம். அளவுநாடாவின் கோடுகள் தெரியாது. அதனால் அளப்பது என் வேலையாயிற்று. முதல் பலகையை அளந்து சொன்னேன். பிஸ்மி சொல்லி அறுத்தார். பொருத்திப் பார்த்தால் கால் அங்குலம் கட்டை!

"வாள் இழுத்திட்டுது போல" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. சுபஹு தொழுதுவிட்டு அவரிடம் போனேன்.

"மூத்தாப்பா, பிழை வாளில இல்ல. நான்தான் அளவப் பிழையா வாசிச்ச."

"தெரியும் மகள். வெட்டின தடம் நேராத்தானே கிடந்திச்சு. நீயா வந்து சொல்லுவாய் எண்டுதான் இருந்தன்." சற்றுப் பொறுத்து, "அதை வீசாத. குறுக்குச் சட்டத்துக்கு ஆகும். மத்தப் பலகைய ரெண்டு தரம் அள" என்றார்.

நான் மூன்று தரம் அளந்தேன். தூண் அச்சாகப் பொருந்தியது.

ஜனவரியில் ஆசிரியர் வந்து காரை எடுத்துச் சென்றார். அது தெருவில் ஏறியபோது மூத்தாப்பா வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கதவு ஆடுற சத்தம் கேக்குதா?"

"இல்ல மூத்தாப்பா."

தலையை ஆட்டிவிட்டு, அளவுநாடாவைத் தன் பெட்டிக்குள் வைக்காமல் என் கையில் தந்தார். கடைசித் தோணி இனி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாடா இப்போது என் பாடசாலைப் பைக்குள் இருக்கிறது.