தவணை குறைந்தால் கடன் குறைந்ததாகுமா?



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுகிறவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்கிறது. இன்று நாம் சொல்வதுமில்லை, வாசிப்பதுமில்லை. விரல் காட்டிய இடத்தில் கையொப்பம் வைக்கிறோம்.

கிழக்கிலே வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. கடைக்காகக் கணவர் கடன் எடுத்தாலும், ஈடு வைக்கப்படுவது நமது உறுதிதான். ஆகவே இந்தக் கணக்கு நமது கணக்கு.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டின் இறுதியில், மூடும் நிலைக்கு வந்த கடையைக் காப்பாற்ற, என் தங்கையின் வீடு நூற்றுக்கு 24 என்ற நிலையான வட்டியில் ஈட்டுக்குப் போனது. 2023 ஜூனிலிருந்து நாட்டில் வட்டி இறங்கத் தொடங்கியது. இவர்களுடையது இறங்கவில்லை. நிலையான வட்டி ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது.

2024இல் முதலில் 30 இலட்சம் ரூபாவும், 5 வருடங்களும் மீதியிருந்தன. மாதத் தவணை 86,300 ரூபா. வட்டியிலிருந்து விடுபட வேண்டும் என்ற ஆசையில் மச்சான் வட்டியில்லா முறையில் இயங்கும் ஓரிடத்தில் விசாரித்தார். அங்கே வங்கி வீட்டில் பங்காளியாகும். நாம் வாடகையும், அதன் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கும் விலையும் செலுத்துவோம். 10 வருடங்களுக்கு மாதம் 43,000 ரூபா என்றார்கள். சரிபாதி! மச்சானுக்குப் பெரும் சந்தோஷம்.

“ராத்தா, ஒருக்கா கணக்குப் பார்ப்பமா?” என்றாள் தங்கை.

பார்த்தோம். பழைய கடனில் இன்னும் கட்ட வேண்டியது 51 இலட்சத்து 78 ஆயிரம். புதியதில் 51 இலட்சத்து 60 ஆயிரம். இலாபம் வெறும் 18 ஆயிரம்! அதற்கு மேல், முன்கூட்டிக் கடனைத் தீர்ப்பதற்குப் பழைய வங்கி மீதி முதலில் நூற்றுக்கு 4 கேட்டது. அது 1 இலட்சத்து 20 ஆயிரம். மதிப்பீட்டாளர், நொத்தாரிசு, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 60 ஆயிரம். பாதித் தவணை என்று மகிழ்ந்தது உண்மையில் நட்டம்.

அதே இடத்தில் 5 வருடங்களுக்குக் கேட்டால் தவணை 66,700 ரூபா. மாதம் 19,600 மிச்சம். செலவான 1 இலட்சத்து 80 ஆயிரமும் பத்தாவது மாதத்தில் திரும்பிவிடும். முடிவில் கிட்டத்தட்ட 10 இலட்சம் மீதமாகும். அதையே தெரிவு செய்தார்கள். மாதா மாதம் கை இறுக்கம்தான். ஆனால் பிள்ளைகளின் தலையில் இன்னும் ஐந்து வருடக் கடன் ஏறவில்லை.

ஏன் இந்தக் கட்டணம்? வங்கி உயர்ந்த வீதத்தில் வைப்புப் பணம் வாங்கி நமக்குத் தந்திருக்கிறது. நாம் இடையில் போனால் தனக்கு ஏற்படும் இழப்பை நம்மிடம் எடுக்கிறது. நமது மார்க்க அறிஞர்களின் பார்வை வேறு. முன்பே நிபந்தனையாகப் பேசாதவிடத்து, முந்திக் கடன் அடைப்பவருக்குத் தொகையைக் குறைத்துக் கொடுப்பது ஆகும் என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி கூறியது.

கடைசிக் காலத்தில் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். 9 இலட்சமும் ஒரு வருடமும்தான் மீதி என்றால், இதே வீதங்களில் மிச்சமாவது சுமார் 62 ஆயிரம். செலவோ 96 ஆயிரம். அப்போது பணத்துக்காக மாறுவதில் பயனில்லை. வட்டியை விட்டு விலகுவதற்காக மாறுபவர் அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்கட்டும்.

சகோதரிகளே, முதலில் பழைய வங்கியிடமே வீதத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். உறுதி கைமாறாது, செலவும் குறைவு. மறுத்தால், தீர்ப்பதற்கான முழுத் தொகையையும் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டியில்லா நிறுவனம் என்பதற்காக அங்கே கேள்வி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். ஈடு விடுவிக்கப்பட்டது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று பாருங்கள். வங்கியிடம் முறையிட்டும் நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1935.

கையொப்பம் வைக்குமுன், “இதை இடையில் தீர்த்தால் எவ்வளவு?” என்று கேட்பது வெட்கமல்ல. நம் வீட்டுக்காக நாம் கேட்கும் கேள்வி அது. கடன் சுமையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!